கைத்துப்பாக்கி ரீலோடிங்: அளவியில் சீராக விழும் பவுடர் எது?

வட்டக்குறி:

வணக்கம். உரிமம் வைத்து இலக்குச் சுடுதல் மட்டும் செய்கிறவன். 9 மி.மீ., .38 ஸ்பெஷல் என்ற இரண்டு காலிபர் (தோட்டா அளவு) தோட்டாக்களுக்கும் நானே ரீலோடு செய்கிறேன், அதாவது சுட்டு முடித்த காலிக் கூட்டில் புதுப் பிரைமர் (பற்றவைக்கும் மூடி), பவுடர் (வெடிமருந்து), குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறேன். இப்போது கையில் இருப்பது பெரிய செதில் ரகப் பவுடர். டிரம் அளவியை (உருளையைத் திருப்பிப் பவுடரை அளந்து கொட்டும் கருவி) 4 கிரெயினுக்கு (பவுடரை நிறுக்கும் சிறு எடை அலகு) செட் செய்தால் ஒரு சமயம் 3.8 விழுகிறது, ஒரு சமயம் 4.2. கைப்பிடியை இழுக்கும்போது உள்ளே எதையோ நறுக்குவது போல் கரகரவென்று சத்தம் வேறு. தராசு டிஜிட்டல், 0.1 கிரெயின் வரை காட்டும்.

அளவியை மாற்றுவதா, பவுடரை மாற்றுவதா? பவுடர்தான் என்றால் இரண்டு காலிபருக்கும் பொதுவாக எது சரிப்படும்?

சுருள்வில்:

பவுடரை மாத்துங்க. உருண்டை மணி இருக்கிற ரகமா பாத்து வாங்குங்க. ஹெச்பி-38 எடுங்க, இல்லேன்னா வின்செஸ்டர் 231. ரெண்டும் ஒரே சரக்கு, டப்பா மேல ஒட்டியிருக்கிற பேர்தான் வேற. உருண்டை மணி ஆத்து மணல் மாதிரி இறங்கும், உங்க செதில் சருகு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்கும். இதுல ஆராய்ச்சிக்கு ஒண்ணும் இல்ல.

தராசுமுள்:

சுருள்வில் சொன்ன முடிவு சரிதான். ஆனால் காரணம் தெரியாமல் பவுடரை மாற்றினால், அடுத்த டப்பாவிலும் இதே கேள்வியோடு வந்து நிற்போம்.

அளவி எடை பார்ப்பதில்லை, கன அளவுதான் பார்க்கிறது. டிரம்மில் ஒரு குழி இருக்கிறது. அது நிரம்பியதும் டிரம் திரும்புகிறது, குழியின் வாயில் மேடாக நிற்பதை விளிம்பு வழித்துவிடுகிறது. பிழையில் பெரும்பங்கு அந்த வழிக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. குழிக்குள் இருக்கும் மணிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி அடங்கிவிடும். வாயில் நிற்பவை ஒரு முறை குழிக்குள் சாயும், ஒரு முறை வெளியே தள்ளப்படும், ஒரு முறை நடுவில் வெட்டுப்படும். உங்களுக்குக் கேட்கிற கரகர அதுதான். மணி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அந்தத் தள்ளாட்டமும் பெரிது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 கிரெயின் 0.0648 கிராம், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஆக 4 கிரெயின் சுமார் 0.26 கிராம். பவுடர் ஒரு சி.சி.க்கு 0.5 கிராம் என்று வைத்துக்கொண்டால் குழிக்கு 0.52 சி.சி. வேண்டும். குழியின் விட்டம் 10 மி.மீ. என்றால் ஆழம் 6.6 மி.மீ. வழிக்கும் மட்டம் 0.3 மி.மீ. ஏறி இறங்கினாலே அளவில் 4.5 சதவீதம் ஆடும், அதாவது ஏறத்தாழ 0.18 கிரெயின். அதே கன அளவை 6 மி.மீ. விட்டமுள்ள குழியில் எடுத்தால் ஆழம் 18 மி.மீ.க்கு மேல் போகும். அதே 0.3 மி.மீ. தள்ளாட்டம் இப்போது 0.07 கிரெயின்கூட வராது.

பவுடரைத் தொடாமலே பிழை பாதிக்கும் கீழே வந்துவிட்டது பாருங்கள். உங்கள் அளவியில் இருப்பது ரைஃபிளுக்கான பெரிய டிரம்மா, கைத்துப்பாக்கிக்கான சிறிய டிரம்மா? முதலில் அதைப் பாருங்கள். ஆர்சிபிஎஸ் யூனிஃப்ளோவுக்கு இரண்டு அளவிலும் டிரம் உண்டு. ரெட்டிங் 10எக்ஸ் அளவி சிறிய சார்ஜுக்கென்றே (சார்ஜ் என்பது ஒரு தோட்டாவுக்குப் போடும் பவுடர் அளவு) செய்தது. அதன் குழியின் அடி தட்டையாக இல்லாமல் அரைக்கோளமாகக் குழிந்திருக்கும், பவுடர் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அடங்குவதற்காக.

வட்டக்குறி:

இப்போதுதான் கழற்றிப் பார்த்தேன். பெரிய டிரம்தான். வாங்கும்போதே இதுதான் உள்ளே இருந்தது.

கறுப்புப்பொடி:

செதில் என்றாலே ஆகாது என்று இங்கே ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. புல்ஸை செதில் ரகம்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக இலக்குச் சுடுகிறவர்கள் அதைத்தான் கெட்டித்தார்கள். அளவியில் நன்றாகவே விழும், ஏனென்றால் அதன் செதில் பொடிசு. யூனிக்கின் செதில் அதைவிடப் பெரிது, ஆட்டமும் கொஞ்சம் கூட. 800-எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, வட்டத் தகடு தகடாக. அது எந்த அளவிக்கும் அடங்காது என்பது ஊரறிந்த விஷயம்; அதை வைத்திருப்பவர்கள் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துத்தான் போடுகிறார்கள்.

ஆகவே வடிவத்தை மட்டும் பார்க்காதீர்கள் தம்பி, மணியின் பருமனைப் பாருங்கள். உருண்டை இல்லாமலும் நன்றாக விழுகிற பவுடர் உண்டு. வீட்டாவூரி என்320 குட்டையாக நறுக்கிய குழல் மணி. அதை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

சுருள்வில்:

அண்ணா, என்320 நல்ல பவுடர்தான், மறுக்கல. புல்ஸையும் ஒத்துக்கறேன். ஆனா இவர் கேட்டது புதுசா ஒண்ணு வாங்கறதுக்கு. ஹெச்பி-38 தட்டிவிட்ட உருண்டை மணி. சில்ஹவுட்டும் அப்படித்தான். அக்யூரேட் நம்பர் 5 இன்னும் பொடி உருண்டை. இதுல எது கிடைச்சாலும் டிரம் மாத்தாமலே பாதிப் பிரச்சினை போயிடும்.

ஆறறை:

ரிவால்வர் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. சீராக விழுவதை மட்டும் வைத்துப் பவுடர் தேர்ந்தெடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

அளவியில் அழகாக விழும் உருண்டை ரகங்கள் பெரும்பாலும் அடர்த்தியானவை. தராசுமுள் போட்ட கணக்கையே நீட்டுகிறேன். அதே 4 கிரெயின், சி.சி.க்கு 0.75 கிராம் என்ற அடர்த்தியில், 0.35 சி.சி. மட்டுமே இடம் பிடிக்கும். .38 ஸ்பெஷல் கூட்டின் உள்ளளவு சுமார் 1.5 சி.சி. அதாவது கூட்டில் கால்வாசிகூட நிரம்பாது. கை தவறி இரண்டு முறை விழுந்தாலும் பாதிக்குக் கீழேதான் நிற்கும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் “ஏதோ பவுடர் இருக்கிறது” என்றுதான் தெரியும். அதன் மேல் குண்டை வைத்து அழுத்திவிட்டால் அதற்கப்புறம் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதே எடை பருமனான செதில் ரகத்தில் இரட்டிப்பானால் ஒரு சி.சி.யைத் தாண்டும், கூட்டில் மூன்றில் இரண்டு பங்கு. கண்ணில் படாமல் போகாது.

9 மி.மீ. கூடு சிறியது, சுமார் 0.86 சி.சி. அதில் பருமன் ரகம் இரட்டிப்பானால் வழிந்தே விடும். அடர்த்தி ரகம்கூட விளிம்பை நெருங்கிவிடும்.

.38-க்கு அளவியில் 0.1 கிரெயின் ஆடினாலும் பரவாயில்லை, கூட்டை நிரப்புகிற பவுடர்தான் வேண்டும் என்பது என் கட்சி. 0.1 கிரெயினால் என் ரிவால்வர் உடையாது. இரட்டை சார்ஜ் உடைத்துவிடும்.

சுருள்வில்:

அது பவுடரோட குத்தம் இல்லையே, கெட்டிக்கிறவர் கவனம். கூடு எல்லாத்தையும் பலகைல வரிசையா நிறுத்தி, மேல விளக்குப் போட்டு, ஒவ்வொண்ணா உள்ள பாத்துட்டு அப்புறம் குண்டு வையுங்க.

ஆறறை:

பார்க்கத்தான் வேண்டும், அதில் தகராறு இல்லை. பார்த்தால் வித்தியாசம் தெரிகிற மாதிரி பவுடர் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

தராசுமுள்:

இந்த விவாதத்தில் இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்று: பெரிய செதிலுக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. டிரம்மிலிருந்து கூட்டுக்கு இறங்கும் குழாய் குறுகலானது. பெரிய செதில்கள் அங்கே குறுக்கே சாய்ந்து பாலம் கட்டிக்கொள்ளும். ஒரு கூட்டுக்குப் பாதி பவுடர்தான் போகும். அடுத்த இழுப்பில் பாலம் உடைந்து, மிச்சமும் புதியதும் சேர்ந்து அடுத்த கூட்டில் இறங்கும். முதல் தோட்டா குண்டைத் துப்பாக்கிக் குழலின் நடுவில் நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. இரண்டாவது அதன் பின்னால் அதிக அழுத்தத்தோடு வரும். அப்படி ஒரு ஜோடி அமைவதைவிட மோசம் எதுவும் இல்லை.

ஆறறை, உங்கள் பருமனான பவுடர் இரட்டிப்பைக் கண்ணுக்குக் காட்டும். ஆனால் இந்த ஏற்றத்தாழ்வை அதுவே உண்டாக்கவும் செய்யும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

ஆறறை:

நியாயம். அப்படியென்றால் பருமனும் வேண்டும், மணி பொடிசாகவும் வேண்டும். கறுப்புப்பொடி சொன்ன என்320 அந்த இடத்தில் உட்காருகிறது.

வட்டக்குறி:

ஒரு சந்தேகம். என் தராசே 0.1 வரைதான் காட்டுகிறது. 3.9, 4.1 என்று வருவது அளவியின் ஆட்டமா, தராசின் ஆட்டமா? 10 சார்ஜைச் சேர்த்துக் கிண்ணத்தில் கொட்டி எடை போட்டு, 10-ஆல் வகுத்தால் போதும் என்று படித்திருக்கிறேன்.

தராசுமுள்:

10 சேர்த்து நிறுத்தால் சராசரி கிடைக்கும். அளவி சரியான இடத்தில் செட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க அது உதவும். ஆட்டத்தை அது காட்டாது. ஐந்து 3.7, ஐந்து 4.3 விழுந்தாலும் சராசரி அழகாக 4.0 என்றுதான் வரும். முதலில் தனித்தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் மொத்தத்தையும் ஒரு முறை நிறுங்கள். தனித்தனி எடைகளின் கூட்டலும் மொத்த எடையும் பொருந்தினால் தராசு பொய் சொல்லவில்லை.

டிஜிட்டல் தராசுக்கு இன்னும் சில: ஆன் செய்து சூடேற விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சோதனை எடைக்கல் வாங்கும்போது உங்கள் சார்ஜுக்குப் பக்கத்தில் வரும் எடையாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய எடையில் சரியாகக் காட்டும் தராசு சிறிய எடையில் தவறலாம். கிண்ணத்தை எடுத்து மறுபடி வைத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

இடதுகை:

புரோகிரசிவ் பிரஸ் (ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் ரீலோடிங் யந்திரம்) வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே அளவி பிரஸ்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். தட்டு ஒவ்வொரு முறை சுழலும்போதும் ஒரு அதிர்வு. அந்த அதிர்வில் ஹாப்பரில் (அளவியின் மேலே உள்ள பவுடர் கலம்) இருக்கிற பவுடர் அமுங்கிக்கொண்டே வரும். தாளம் மாறாமல் ஓட்டினால் அமுங்குவதும் ஒரே அளவாக இருக்கும். நடுவில் சிக்கிக்கொண்ட கூட்டை எடுக்க பிரஸ்ஸைத் தட்டி, ஆட்டி, அப்புறம் தொடர்ந்தால் அடுத்து விழுவது கனமாக இருக்கும். அதை நம்பாமல் ஹாப்பருக்கே திருப்பிக் கொட்டிவிடுவேன். ஹாப்பரை நிரப்பிய உடனே விழும் முதல் சில சார்ஜுக்கும் இதே கதிதான்.

ஹாப்பருக்குள் தடுப்புத் தகடு போடுங்கள். மேலே நிற்கிற பவுடரின் பாரம் குழியின் மேல் நேராக இறங்காமல் அது தாங்கிக்கொள்ளும். தகடு இல்லாவிட்டால், ஹாப்பர் நிறைந்திருக்கும்போது விழும் அளவு ஒன்று, காலியாகும்போது விழும் அளவு வேறொன்று. பாதிக்குக் கீழே போக விடாமல் நிரப்பிக்கொண்டே இருப்பது இன்னும் நல்லது.

பொடி உருண்டையிலும் ஒரு தலைவலி இருக்கிறது, சுருள்வில் அதைச் சொல்லவில்லை. டிரம்முக்கும் உடலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் ஒழுகும். அக்யூரேட் நம்பர் 9, ஹெச்110 போன்றவை தளர்வான அளவிகளில் மேசையெல்லாம் சிந்தும். மணி இடுக்கில் புகுந்து டிரம்மை இறுக்கும். இறுகினால் கைப்பிடி வெட்டி வெட்டி நகரும், அந்த உதறலில் அளவும் கெடும்.

சுருள்வில்:

ஒழுகறது உண்மைதான். ஹெச்பி-38 அவ்வளவு பொடிசு இல்ல, அதுல எனக்கு ஒழுகல.

புதுக்கூடு:

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் துளை அளவு மாறாத டிஸ்க் வகை அளவி இருக்கிறது. ஒரு பவுடருக்கு எந்தத் துளை என்று அட்டவணையில் இருக்கிறது. வேறு பவுடர் வாங்கினால் அதே துளையை வைத்துக்கொள்ளலாமா? இரண்டும் கைத்துப்பாக்கிப் பவுடர்தானே?

கறுப்புப்பொடி:

கூடவே கூடாது. துளை கன அளவைத்தான் தருகிறது. அடர்த்தி மாறினால் எடை மாறும், எரியும் வேகமும் ரகத்துக்கு ரகம் வேறு. இரண்டும் சேர்ந்து தவறான பக்கம் போனால் கையில் இருப்பது துப்பாக்கியாக இருக்காது.

அட்டவணையே ஒரு தொடக்கம்தான். அதைப் பார்த்துத் துளையை எடுங்கள், விழுவதைத் தராசில் வையுங்கள், கையேட்டில் உள்ள தொடக்க அளவுக்கு மேலே போகாமல் ஆரம்பியுங்கள். ஒரே பவுடரில் புது லாட் (தயாரிப்புத் தொகுதி) டப்பா உடைத்தாலும் மறுபடி நிறுக்க வேண்டும். லாட்டுக்கு லாட் அடர்த்தியில் சிறு வித்தியாசம் இருக்கும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெச்110-ஐ மேக்னம் தோட்டாக்களுக்குப் பலரும் வாங்குகிறார்கள், அளவியில் தண்ணீராக இறங்கும். ஆனால் அதைக் கண்டபடி குறைத்துப் போடக்கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். வின்செஸ்டர் 296-உம் அதே பவுடர், அதே எச்சரிக்கை. லேசான பயிற்சித் தோட்டாவுக்கு அது ஆகாது.

நிர்வாகி:

நினைவூட்டல்: இந்த இழையில் யாரும் குறிப்பிட்ட பவுடர், குண்டு சேர்க்கைக்கு இத்தனை கிரெயின் என்று எழுத வேண்டாம். மேலே வந்த 4 கிரெயின் கணக்கு விளக்கத்துக்கு மட்டும். சார்ஜ் எடையைப் பவுடர் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து எடுங்கள். ரீலோடிங் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அதையும் அவரவர் பார்த்துக்கொள்ளவும்.

வட்டக்குறி:

புரிந்தது. கடைசியாக: எவ்வளவு ஆட்டம் இருந்தால் “சீர்” என்று சொல்லலாம்? எல்லாத் தோட்டாவும் 0.0 வித்தியாசத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனமா?

தராசுமுள்:

அளவியிலிருந்து கூட்டல் கழித்தல் 0.1 கிரெயினுக்குள் நின்றால் கைத்துப்பாக்கிக்கு அது நல்ல சீர். அதற்குக் கீழே போக ஆசைப்பட்டால் தராசையே நம்ப முடியாத இடத்துக்குப் போய்விடுவோம்.

ஆனால் 0.1 எல்லா இடத்திலும் ஒரே 0.1 அல்ல. எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. (அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு) வைத்த அழுத்த வரம்பு 9 மி.மீ.க்கு 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), .38 ஸ்பெஷலுக்கு 17,000. 9 மி.மீ. கூடு சிறியது, சார்ஜும் சிறியது. உச்ச அளவை ஒட்டி வேலை செய்தால் 0.2 கிரெயின் கூடுதல்கூட அழுத்தத்தைக் கணிசமாக ஏற்றும். குண்டு கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்துவிட்டாலும் அதே கதைதான். உச்சத்திலிருந்து விலகி நடுவில் ஒரு லோடை (பவுடர், குண்டுச் சேர்க்கை) தேர்ந்தெடுத்தால் அளவியின் ஆட்டத்தை அது தாங்கிக்கொள்ளும்.

போட்டிக்குச் சுடுகிறீர்கள் என்றால் கீழ்ப்பக்கமும் பார்க்க வேண்டும். மைனர் பிரிவுக்குக் குறைந்தபட்ச பவர் ஃபேக்டர் (குண்டின் கிரெயின் எடையை நொடிக்கு அடி வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தது) 125. 124 கிரெயின் குண்டுக்கு நொடிக்கு 1009 அடி வேகம் இருந்தால்தான் அந்தக் கோட்டைத் தாண்டும். சராசரி 1012 என்று வைத்துக்கொண்டு அளவி ஆடினால், கனம் குறைந்த தோட்டாக்கள் சோதனையில் மாட்டும். அங்கே சீரான பவுடருக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறது.

இன்னொரு பக்கம், குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேகம் சிதறினால் உடனே பவுடரைத் திட்டாதீர்கள். பல கம்பெனிக் கூடுகளைக் கலந்து போடுவது, கூட்டின் கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம், கிரிம்ப் (கூட்டின் வாயைக் குண்டின் மேல் இறுக்குவது), பிரைமர் எல்லாம் பங்கு போடும். எடை 0.1-க்குள் நின்றும் வேகம் சிதறினால் தேட வேண்டிய இடம் அளவி அல்ல.

இடதுகை:

நிலை மின்சாரத்தையும் பட்டியலில் சேருங்கள். காற்று வறண்ட நாளில் பிளாஸ்டிக் ஹாப்பரின் சுவரில் செதில்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். புது அளவி என்றால் முதலில் எண்ணெய் போகக் கழுவி உலர்த்தி, அப்புறம் ஒரு டப்பா பவுடரைக் கூட்டில் போடாமல் டிரம் வழியாக ஓட்டி எடுத்தால் பவுடரின் மேல் இருக்கும் கிராஃபைட் உள்ளே பூசிக்கொள்ளும். அதற்கப்புறம் ஒட்டுவது வெகுவாகக் குறையும்.

வேலை முடிந்ததும் ஹாப்பரில் பவுடரை விட்டுவைக்காதீர்கள். நைட்ரோகிளிசரின் கலந்த இரட்டை அடிப்படைப் பவுடர்கள் சில பிளாஸ்டிக்கை அரித்து மங்கலாக்கும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அடுத்த வாரம் வந்து பார்க்கும்போது ஹாப்பரில் இருப்பது எந்தப் பவுடர் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது என்பதுதான்.

வட்டக்குறி:

சரி, என் முடிவு. முதலில் சிறிய டிரம். அது வந்ததும் இதே செதில் பவுடரைத் தனித்தனியாக நிறுத்துப் பார்ப்பேன். 0.1-க்குள் வரவில்லை என்றால் 9 மி.மீ.க்கு ஹெச்பி-38. .38-க்கு ஆறறை சொன்னது மனதில் நிற்கிறது. என்320-ல் இரண்டு காலிபருக்கும் கையேட்டில் லோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் ஒரே பவுடராக அதையே எடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

இந்தச் செதில் டப்பாவில் முக்கால்வாசி மீதி இருக்கிறது. அதை என்ன செய்வது?

ஆறறை:

.45 ஏசிபி சுடுகிற நண்பர் இருக்கிறாரா? அங்கே சார்ஜ் பெரிது, அதே ஆட்டம் சதவீதத்தில் சிறியதாகிவிடும். அழுத்த வரம்பும் 21,000 பி.எஸ்.ஐ.தான். கையேட்டில் அந்தப் பவுடருக்கு .45 லோடு இருந்தால் டப்பாவோடு கொடுத்துவிடுங்கள், வேறு பாத்திரத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டாம்.

கறுப்புப்பொடி:

அல்லது .38-க்கு ஒவ்வொன்றாக நிறுத்துப் போடுங்கள். அவசரம் இல்லாதவருக்கு எந்தப் பவுடரும் சீரான பவுடர்தான்.

சுருள்வில்:

அண்ணாவுக்குப் பொழுது இருக்கு. எனக்கு டிரம் போதும்.